ஆன்மார்த்த பூசையும் அருணைத் தலமும்

பஞ்சபூதத் தலங்களுள் தேயுத் தலமாகிய திருவண்ணாமலையில் மலையே சிவலிங்கமாகக் கொண்டு வழிபடப்படுகின்றது. வீதியிற் செல்வாரும், வயலில் உழுவாரும், மாடியினின்று நோக்குவாரும் அதனைக் கண்டு கைகூப்புதல் ஆண்டு நாடோறும் நிகழ்வதாம். அங்ஙனமாகவும், அவ்வூர் மனைகள் சிலவற்றிற் சம்புடத்துள் வைத்துப் பேணப்படும் சிற்றிலிங்கம் எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. கண்ணெதிரே மலை நிற்க, கையகத்து அடங்குங் கல்லொன்றைத் தனியே வைத்து வழிபடுதல் மிகையன்றோ எனின், அன்று. இதற்கு விடை ஆகமங்களிலும், அவை நம் நாட்டில் வழங்கிய வரலாற்றிலும் உள்ளது.

சிவாகமங்கள் பூசையைப் பரார்த்தம், ஆன்மார்த்தம் என இருவகைப்படுத்தும். உயிர்களனைத்தின் நலங்கருதித் திருக்கோயிலில் நிலைபெற்ற இலிங்கத்தில் ஆதிசைவர் செய்வது பரார்த்தம். தீக்கை பெற்ற ஒருவர் தம் ஆசிரியரிடத்துப் பெற்ற இலிங்கத்தைத் தம் மனையில் எழுந்தருளச் செய்து தம்பொருட்டு வழிபடுவது ஆன்மார்த்தம். கோயில் இலிங்கம் அசலம். மனையிலிங்கம் சலம், அஃதாவது உடன்கொண்டு செல்லுதற்குரியது. திருமடத் தலைவர்கள் யாத்திரை செல்லுங்கால் பூசைமூர்த்திகளையும் உடன் எழுந்தருளச் செய்தல் இதுபற்றியே. தெய்வசிகாமணி தேசிகர் திருவண்ணாமலையில் நிறுவிய ஆதீனம் இன்று பாண்டிநாட்டுக் குன்றக்குடியில் விளங்குகின்றது. கோயில் பெயராது, மடமும் அதன் பூசையும் பெயரும்.

இப்பூசையை ஒழுங்குபட வகுத்த பத்ததி நூல்களுள் தென்னாட்டிற் பெரிதும் வழங்குவது அகோரசிவாசாரியர் 1158-ஆம் ஆண்டளவில் இயற்றிய கிரியாக்கிரமத்தியோதிகையாம். நீராட்டு, திருநீறணிதல், சந்தி, சிவபூசை எனத் தீக்கை பெற்றார் நாடோறுஞ் செய்யுங் கடன்களை அது முறையே கூறும். 16-ஆம் நூற்றாண்டிலே தில்லையில் வாழ்ந்தவரும், சிவஞானசித்தியாருக்கு உரை கண்டவருமாகிய மறைஞானதேசிகர், இப்பொருளுக்கெனவே ஆன்மார்த்தபூசாபத்ததி என வடமொழியில் ஒரு நூல் செய்தனர். அவர்தம் ஆசிரியராகிய மறைஞானசம்பந்தரே அருணகிரிப் புராணம் பாடியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மலையின் பெருமையைப் பாடிய மரபினரே மனைப் பூசைக்கும் விதி வகுத்தனர்.

இவ்விருவரினும் அருணைக்கு அணித்தான சான்று அப்பைய தீட்சிதராவர். அவர் பிறந்த அடையபலம், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்கு அருகிலுள்ள சிற்றூர். வேலூரை ஆண்ட சின்னபொம்ம நாயக்கரின் ஆதரவு பெற்ற அவர், தம் ஊரிலே காலகண்டேசுவரருக்குக் கோயில் எடுப்பித்தனர். ஆங்குள்ள 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதனையும், சிவார்க்கமணிதீபிகை என்னும் பேருரையை 500 புலவர்க்கு அவர் பாடஞ்சொன்ன செய்தியையுங் குறிக்கின்றது. கோயில் எடுப்பித்த இவர் பெயராலேயே சிவார்ச்சனாசந்திரிகை என்னும் ஆன்மார்த்த பூசை நூலும் வழங்குகின்றது. வீட்டில் இலிங்கம் வைத்தார்க்குக் கோயில் வேண்டா என்பாரும், கோயிலுள்ள ஊரில் வீட்டுப்பூசை வேண்டா என்பாரும் இவர் வாழ்க்கையை நோக்குவாராக. சிவஞானபோதத்தின் ஈற்றுச் சூத்திரமும் முத்தி நெறியில் நிற்பார்க்கே திருக்கோயில் வழிபாட்டை விதித்தலின், ஒன்று மற்றொன்றனை விலக்குமாறில்லை.

இனி, பூசையிடம் என்றவுடன் பலரும் மாடம், பீடம், விளக்கு, மணி என்பவற்றையே எண்ணுவர். பத்ததிகள் தொடங்குமிடம் வேறு. ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐந்து சுத்திகளுள் இடத்தைத் தூய்மை செய்தல் ஒன்றே. வழிபடுவோன் தன்னைத் தூய்மை செய்தல் முன் நிற்கின்றது. புறப்பூசைக்கு முன்னர் இருதயத்திற் பூசையும், உந்தியில் ஓமமும், புருவநடுவில் தியானமுமாக அகப்பூசை நிகழவேண்டும். திருநின்றவூர்ப் பூசலார் மனத்தின்கண்ணே கோயில் எழுப்பிய வரலாற்றைப் பெரியபுராணத்தில் ஓதுவார்க்கு இது புதிதன்று.

அண்ணாமலைச் சாரலில் இதன் வேறொரு வடிவமும் உண்டு. கன்னட நாட்டினின்றும் வந்தவரென மரபு கூறும் குகைநமசிவாயர் வீரசைவர். அவர் வாழ்ந்த குகை இன்றும் அவர் பெயரால் மலைமேல் உள்ளது. வீரசைவர்க்கு ஆசிரியர் தந்த இட்டலிங்கம் உடம்பினின்றும் நீங்காதது. மாடமும் பீடமும் வேண்டாது உள்ளங்கையே பீடமாக அமைவது. சித்தாந்த சைவர் கிரியையிலே இதனோடு வேறுபடுவாரெனினும், ஆசிரியரின்றி இலிங்கமில்லை என்பதில் இருவரும் ஒருப்படுவர்.

ஈண்டே இக்காலத்தார் கருதவேண்டுவது ஒன்றுண்டு. கோயிலைச் சூழ்ந்த வீதிக் கடைகளிற் படிகலிங்கமும் பிறவும் எளிதில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிச் செல்வோர் அன்புடையரே, ஐயமில்லை. ஆயின் நூல் விதித்தவாறு இலிங்கம் ஏற்பவன், பூசை முடியாது உண்பதில்லை என்னும் உறுதியோடு வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கின்றான். ஆசௌசம் வந்துழித் தன்னையொத்த தீக்கையுடையார் ஒருவரைக் கொண்டு அதனைச் செய்வித்துத் தான் அகப்பூசை செய்வான். இவ்வுறுதியின்றிக் கொண்டுசென்ற இலிங்கம் சில திங்களில் அலமாரியின் ஒரு மூலையிற் கிடத்தல் காண்டற்கு வருத்தந் தருவதாம்.

அவ்வுறுதிக்கு இயலாதாரை நூல்கள் கைவிட்டில. மண், ஆற்றுமணல், அரிசி, அன்னம், கோமயம், வெண்ணெய், சந்தனம், கூர்ச்சம், பூமாலை முதலாகப் பன்னிரு பொருள்களால் அவ்வப்பொழுது ஆக்கி வழிபட்டு விடுதற்குரிய கணிகலிங்கத்தை அவை கூறும். மண்ணியாற்றங்கரையில் ஆனிரை மேய்த்த சண்டேசுரர் அமைத்த மணலிலிங்கமும் இத்தகையதே. விலை கொடுத்துப் பெற்ற படிகத்தைப் பூட்டி வைத்தலினும், விடியலில் ஒருபிடி மண்ணாற் செய்து, பூசை முடிவில் நீரிற் சேர்த்துவிடும் அவ்விலிங்கமே இல்லறத்தார் பலர்க்கும் ஏற்புடையது.