மரக்காலும் கடல் விதையும்

சாமுவேல் ஃபூட், நிக் டார்க் இருவருமே கார்ன்வாலில் பிறந்த நாடகாசிரியர்கள். 1720இல் ட்ரூரோவில் பிறந்த ஃபூட், லண்டனுக்குப் போய் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். 1948இல் பிறந்த டார்க், வெளியூர் மேடைகளில் நடித்துவிட்டு போர்த்காத்தன் கடற்கரைக்கே திரும்பியவர். எழுதிய நேரம் போக, சிங்கி இறாலுக்குக் கூடு போட்டார்.

1737ஆம் ஆண்டுச் சட்டப்படி, லண்டனில் உரிமம் பெற்ற இரண்டு அரங்குகளில்தான் அப்போது வசன நாடகம் போட முடிந்தது. ஃபூட் என்ன செய்தார்? 1747இல், ஹேமார்க்கெட் அரங்குக்குச் சாக்லேட் பானம் குடிக்க வாருங்கள் என்று விளம்பரம் கொடுத்தார். பானம் தயாராகும்வரை இளைஞர்கள் சிலருக்கு நடிப்புச் சொல்லித்தருவதாகப் பாவனை. அந்தச் சாக்கில் ஊர்ப் பிரமுகர்களை அச்சு அசலாக நடித்துக் காட்டினார். 1772இல் வந்த ‘தி நபாப்’ நாடகத்தில், இந்தியாவில் சுருட்டிய பணத்தோடு ஊர் திரும்பும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். சென்னைக் கோட்டையில் எழுத்தராகத் தொடங்கிய கிளைவின் காலம் அது.

இருவரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவப் பிரிவு. ‘தி மைனர்’ (1760) நாடகத்தில் ஃபூட், பக்தியும் தொழிலும் குறையாமல் விபசார விடுதி நடத்தும் மிசஸ் கோலாக வேடம் கட்டினார். போதகர் ஜார்ஜ் விட்ஃபீல்டின் மாறுகண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. டார்க்கின் ‘தி ரயட்’ (1999) நியூலின் துறைமுகத்தில் 1896இல் நடந்த கலவரம் பற்றியது. ஞாயிறு கடலுக்குப் போகாத உள்ளூர் மெதடிஸ்டுகள், ஓய்வுநாளை மதிக்காத கிழக்குக்கரைப் படகுகளில் ஏறிக் கானாங்கெளுத்தியைக் கடலில் கொட்டினார்கள், பட்டாளம் வந்தது. டார்க்கும் சிரிக்கவைக்கிறவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பக்திக்குள் திங்கட்கிழமைச் சந்தை விலையும் இருப்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும். ஃபூட்டுக்கு ஆளின் நடை, குரல், கண் போதும். அந்த ஆட்கள் போனதும் நாடகங்களிலும் பாதி உயிர் போய்விட்டது என்றே எனக்குப் படுகிறது.

உடம்பு இருவரையும் கைவிட்டது. 1766இல், யார்க் கோமகனின் குதிரை தள்ளிவிட்டதில் ஃபூட் ஒரு காலை இழந்தார். அதற்கு ஈடாகக் கோமகன் வாங்கித் தந்தது, ஹேமார்க்கெட்டில் கோடைகாலத்தில் ஆயுள்வரை நாடகம் நடத்தும் உரிமை. சாக்லேட் சாக்கு இனி வேண்டாம். மனிதர் அதோடு நிற்கவில்லை. ‘தி லேம் லவர்’ (1770) எழுதி, நொண்டிக் காதலனாகத் தம் மரக்காலையே மேடையேற்றினார்.

டார்க்குக்குப் போனது பேச்சு. 2001இல் பக்கவாதம் தாக்க, சொல்லை வைத்துப் பிழைத்தவர் சொற்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. ஃபூட்டைப்போல அதை வேடிக்கையாக்கவும் வழியில்லை; மரக்காலைக் காட்டலாம், வராத சொல்லை எப்படிக் காட்டுவது? 2004இல் ‘தி ரெக்கிங் சீசன்’ ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் அவர் மனைவி ஜேன். கரையொதுங்கும் பொருள்களைப் பொறுக்குவதற்கு கார்ன்வாலில் ‘ரெக்கிங்’ என்று பெயர். அமேசானிலிருந்து மிதந்து வந்த விதைகளும் அட்லாண்டிக்குக்கு அப்பால் அறுந்துபோன இறால் கூடுகளின் அடையாள வில்லைகளும் டார்க்கின் கைக்கு வரும்.

ஃபூட் 1777இல் பிரான்சுக்குப் போகும் வழியில் டோவரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். டார்க் மறைந்தது 2005இல். வில்லையில் இருக்கும் எண்ணை வைத்து, அக்கரையில் அந்தக் கூட்டைத் தொலைத்த மீனவர் யாரென்று தேடிக் கண்டுபிடிப்பது அவர் வழக்கம்.