ஊர்ப் பெயரில் ஒரு ரசாயனம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம் தாண்டி வருவது குரோம்பேட்டை. சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை மாதிரி அதுவும் ஒரு பேட்டை என்றுதான் புதிதாகக் குடிவந்தவர்கள் நினைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்லி வையுங்கள், அது ஒரு உலோகத்தின் பெயர். சேம்பர்ஸ் என்பவர் 1912 வாக்கில் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது.

அதற்கு முன் நம் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமிய உப்பில் அதே வேலை ஒன்றிரண்டு நாளில் முடியும். தோலும் தண்ணீரில் கெடாது. சென்னை கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனதில் இருந்த உபயோகங்களில் ஒன்று கவலை ஏற்றம். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறோமே, அந்தக் கவலையின் தோல் சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் தாங்கும். ஆக, கிணற்றுக்கு உதவியாகத்தான் இந்த ரசாயனம் நம் ஊருக்குள் வந்தது. பின்னால் கிணற்றையே கெடுத்தது.

குரோமியம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. தோலில் ஏறுவது மூன்று இணைதிறன் கொண்டது. அது தண்ணீரில் அதிகம் கரையாது, பெரும்பாலும் சேற்றோடு சேர்ந்து அடியில் தங்கும். அதற்கு மூலப்பொருளான டைக்ரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நன்றாகக் கரையும், செவுள் வழியாக உயிருக்குள் நுழையும், நஞ்சு அதிகம். முன்பெல்லாம் டைக்ரோமேட்டோடு கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்து, ஆறை மூன்றாக மாற்றித்தான் தோல் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள்.

ஒரு ரசாயனம் நீர்வாழ் உயிர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்று எப்படி அளக்கிறார்கள்? உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட முறையில் மூன்று சாட்சிகள். பாசியை 72 மணி நேரம், நீர்த்தெள்ளு என்ற கடுகளவுப் பிராணியை 48 மணி நேரம், மீனை 96 மணி நேரம், பல அளவுகளில் ரசாயனம் கலந்த நீரில் விட்டுப் பார்ப்பார்கள். பாதி உயிர்கள் எந்த அளவில் வீழ்கின்றனவோ, அதுதான் கணக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் முதல் வகை அபாயம். பட்ட மரமும் செத்த மீனும் வரைந்த படத்தை டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கணக்கில் வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. நீர்த்தெள்ளுகள் சோதனைக்கு லாயக்கானவையா என்று பார்க்க உரைகல்லாக வைப்பது பொட்டாசியம் டைக்ரோமேட். நம் குரோமிய உப்பேதான்! லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் 24 மணி நேரத்தில் பாதி அசைவிழக்க வேண்டும். ஆனால் பலவகை மீன்கள் பத்து, இருபது மில்லிகிராமைக்கூட நாலு நாள் தாங்கிவிடும். மீன் துள்ளுகிறதே என்று நாம் திருப்திப்படும்போது, அது தின்னும் இரை முன்பே போயிருக்கும்.

நம் நாட்டு விதிப்படி ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. அந்த நீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்கவும் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது வெளியேறும் தண்ணீரை மட்டும் கேட்கிறது. அடியில் படிந்த சேற்றை யார் கேட்பது? ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை ஒன்று லட்சக்கணக்கான டன் கழிவை மலைபோல் விட்டுப்போனது. உற்பத்தி நின்று வருஷக்கணக்கான பிறகும் மழைதோறும் அங்கிருந்து மஞ்சள் நீர் கசிந்தது.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர் தீர்ப்பு என்றாலும் அது நமக்கும் சேர்த்துத்தான். அதில் பேர் சொன்ன ஐந்து மாவட்டங்களில் அன்றைய நம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்புக்குக் கெடு, நட்ட ஈட்டுக்குத் தனி ஆணையம். அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்பவரைச் சேர்ந்தது என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. அதுவரை கிணறு கெட்டவன்தான் சாட்சி தேடி அலைந்தான்.

தொழிலைத் திட்டி எழுதுவது சுலபம். நாகல்கேணிப் பக்கம் எத்தனை வீடுகளில் அந்தத் தொட்டி வேலையில்தான் அடுப்பு எரிந்தது! பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தொட்டியில் மிஞ்சும் குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, மறுபடி பயன்படுத்தும் வழியை அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் காட்டியது. வழி இல்லாமல் இல்லை.

நாம் மேடவாக்கத்தில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. பல்லாவரம் பெரிய ஏரியின் உபரி நீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக நம் பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தபோது சந்தோஷப்பட்டோம். இனி ஏரி தூர்வாருகிறோம் என்று யாராவது வந்தால், எவ்வளவு ஆழம் என்பதோடு, அந்தச் சேற்றைச் சோதித்தீர்களா, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.