பாட்டிமையும் பாடமும்

நம் முன்னோர் வகுத்த திதிகளுள் அமாவாசையையும் பூரணையையும் அறியாதார் இல்லை. அவற்றை அடுத்து வரும் பிரதமையையோ, "ஆகாத நாள்" என்று விலக்கும் பொழுது மாத்திரமே நினைக்கின்றோம். யாழ்ப்பாணத்து வழக்கிலே பாட்டிமை எனப்படும் அத்திதியின் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

துணிந்தமைக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எமது சங்கம் குருநகர்ச் சிறுவர்க்கு மாலை வகுப்பொன்று தொடங்க நாட்குறித்தது. அது பாட்டிமை என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். "பாட்டிமையிலே படிச்சால் படிப்புத் தேயும், தம்பிமாரே" என்றார். மிஷன் பாடசாலையிற் பயின்ற யாம் சிரித்தோம். எனினும் அவர் சொல்லை மதித்து வகுப்பு மறுநாள் தொடங்கப்பெற்றது. சிரித்தது தகுமோ என்று பின்னர் ஆராயலானோம்.

பிரதமை என்னும் வடசொல்லுக்கு முதலாவது என்பது பொருள். சந்திரன் சூரியனை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகுங் காலம் ஒரு திதி. அமாவாசை முடிந்ததும் வரும் முதற் பன்னிரண்டு பாகை வளர்பிறைப் பிரதமை. பூரணை முடிந்ததும் வருவது தேய்பிறைப் பிரதமை. ஆண்டொன்றுக்கு இருபத்துநான்கு அல்லது இருபத்தைந்து பிரதமைகள் வரும். வளர்பிறைப் பிரதமையிலே பிறை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆயினும் கடல் அந்நாளை அறியும். முன்னாளிற் கரையூர் எனப்பட்ட எம்மூரின் மீனவர், உவா நாளிலும் அதனை அடுத்த ஓரிரு நாளிலும் நீர் மிக ஏறி மிக வற்றுவதை எந்தச் சமயத்தவராயினும் நன்கறிவர்.

கல்விக்கும் இத்திதிக்கும் உள்ள பகை மிகப் பழையது. வான்மீகி இராமாயணத்துச் சுந்தர காண்டத்திலே, சீதையின் மெலிவைக் கூறும் அனுமன், பிரதமையில் ஓதுவோனது கல்வியை அதற்கு உவமையாக்குகின்றான். கேட்போர்க்கு முன்னரே தெரிந்த வழக்கானாலன்றி அஃது உவமையாகாது. திண்ணைப் பள்ளிக்கூடங்களும் உவா, பிரதமை, அட்டமி ஆகியவற்றை ஒட்டியே ஓய்வு கொடுத்தன. ஆகவே பெரியவர் சொன்னது அவர் வீட்டுப் பேச்சன்று. பழைய பள்ளிக்கூடத்து விடுமுறைச் சட்டம்.

1816 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் தெல்லிப்பழையிற் பணி தொடங்கினர். 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அவர்தம் பாடசாலைகள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டு நடந்தன. கிழமை நிலைபெற, திதி பாடசாலையை விட்டு நீங்கிற்று. பின்னர் வியப்பான மாற்றமொன்று நிகழ்ந்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையிலே ஞாயிற்றுக்கு மாற்றாகப் போயா நாள்களே வார விடுமுறையாயின. அமாவாசையும் பூரணையும் ஓய்வுநாள். மறுநாள் பாடசாலை திறக்கும். அந்த மறுநாள் பெரும்பாலும் பாட்டிமையே! பழைய ஆசிரியர் ஏட்டைக் கட்டிவைத்த திதியிலே புதிய பாடசாலை மணி அடித்தது. எம்மைத் தடுத்த பெரியவர் அக்காலத்து மாணாக்கர். இதனை அவரிடம் சொன்னோம். "அதுதான் தம்பி, எனக்குக் கணக்கு ஏறயில்லை" என்று அவரும் சிரித்தார்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். படிப்புக்கு ஆகாத இத்திதியே விரதங்களுக்குத் தலைவாயிலாக உள்ளது. ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையிலே கந்தசஷ்டி தொடங்கும். பிள்ளையார் பெருங்கதை விரதம் கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையிலே தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டியில் முடியும். தேய்பிறை பதினைந்து, வளர்பிறை ஆறு, ஆக இருபத்தொன்று. இருபத்தோரிழைக் காப்பை ஆடவர் வலக்கையிலும் மகளிர் இடக்கையிலும் அணிவர். சுன்னாகம் வரத பண்டிதர் தொகுத்த பிள்ளையார் கதை அந்நாள்களிலே ஆலயங்களிற் படிக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, கலைமகளைப் போற்றும் நவராத்திரியும் பிரதமையிலேயே தொடங்குகின்றது. அதன் முடிவாகிய விசயதசமியன்றே நம் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். கலைமகளே விரும்பி ஏற்ற திதியைக் கல்விக்குப் பகையென்று முற்றாகத் தள்ளலாமோ?

யாம் கருதுவது இது: முன்னோர் அந்நாளிலே பாடத்தை நிறுத்தினர், வழிபாட்டைத் தொடங்கினர். அவர்களுக்கு அஃது ஓய்வும் உறுதியும் கூடிய நாள். ஓய்வை மறந்து அச்சத்தை மட்டும் காத்தவர் பிற்காலத்தவராகிய நாமே.

எமது மாலை வகுப்பு இன்று கிழமைக் கணக்கிலே நடக்கின்றது. முதலில் வந்த பிள்ளைகளிற் சிலர் இப்பொழுது வருவதில்லை. அவர்களை நிறுத்தியது பாட்டிமையன்று. தேடிச்சென்று அழைக்காத எமது சோம்பலே. இளைஞர்காள்! அடுத்த பாட்டிமையிலே ஏடு திறக்க மனமில்லாதார் அப்பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்வோமாக. அதற்கு ஆகாத திதி எப்பஞ்சாங்கத்திலும் இல்லை. பெரியோர் ஆசியும் விநாயகப் பெருமான் திருவருளும் துணை நிற்பனவாக.