பட்டினி கிடந்த எஞ்சின்: 2008 சான் டியாகோ விமான விபத்தின் காரணம் குறித்து

2008 டிசம்பர் 8 அன்று அமெரிக்க மரீன் படையின் எஃப்/ஏ-18டி ஹார்னெட் போர் விமானம் ஒன்று சான் டியாகோவின் யூனிவர்சிட்டி சிட்டி குடியிருப்பில் விழுந்தது. ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சி முடிந்து திரும்பிய விமானம் அது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். தரையில் ஒரே குடும்பத்தின் நால்வர் மாண்டனர், இருவர் பச்சிளங்குழந்தைகள். எஞ்சின் பழுதால் நேர்ந்த விபத்து என்று இதைச் சொல்வது பாதி உண்மை மட்டுமே.

வலது எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்ததால் விமானி அதை அணைத்தார். அதுவரை பழுதுதான். ஆனால் ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு திரும்பிவிடலாம் என்பதற்காகவே அவ்விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள். இடது எஞ்சின் பழுதாகவில்லை, பட்டினியால் நின்றது. விமானத்தில் எரிபொருள் இருந்தும் அதற்குப் போய்ச் சேரவில்லை. தொட்டிகளுக்கிடையே எரிபொருளை மாற்றும் அமைப்பில் கோளாறு இருப்பது ஜூலையிலேயே தெரியும். அதற்குப் பிறகும் விமானம் 146 முறை பறந்தது.

சிக்கலான தொழில்நுட்பங்களில் விபத்து தவிர்க்க முடியாதது என்றார் சமூகவியலாளர் சார்லஸ் பெரோ (1984). இங்கே அவர் வாதம் பொருந்துமா? பொருந்தாது என்பேன். எவரும் எதிர்பாராத விதத்தில் கோளாறுகள் பின்னிக்கொள்வதைத்தான் அவர் விளக்கினார். இங்கோ ஒரு கோளாறு பதிவேட்டிலேயே காத்திருந்தது. சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த டயான் வாகன் (1996) காட்டிய வழியே இதற்கு நெருக்கமானது. விதிமீறல் ஒவ்வொரு முறையும் தீங்கின்றி முடிய, அதுவே வழக்கமாகிவிடுகிறது. பத்திரமாகத் தரையிறங்கிய ஒவ்வொரு பறத்தலும், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட இன்னொரு சான்றாயிற்று.

ஆயினும் வாகனின் விளக்கம் கடைசி நிமிடங்களுக்கு எட்டாது. கொரொனாடோவின் நார்த் ஐலண்ட் கடற்படைத் தளம் அருகில் இருந்தது. கடலுக்கு மேலாகவே பறந்து அதன் ஓடுபாதையை அடையலாம். தரையிலிருந்த அதிகாரிகளோடு வானொலியில் பேசிய பின் விமானி தேர்ந்ததோ தம் படைப்பிரிவின் தளமான மிராமர். அங்கே போகும் வழி வீடுகளுக்கு மேலே. அவசரகாலச் சரிபார்ப்புப் பட்டியலையும் முறைப்படி பின்பற்றவில்லை. இதை வைத்துப் பழி முழுவதையும் விமானி மேல் போடுவது எளிது. ஆனால் இரட்டை எஞ்சின் என்ற காப்பு ஏற்கெனவே பொய்த்துப்போன விமானத்தைத்தான் அவரிடம் கொடுத்திருந்தார்கள். பழகிய தளத்துக்கே திரும்பலாம் என்ற நம்பிக்கையும் அந்தக் காப்பைச் சார்ந்ததே.

மரீன் படையின் விசாரணையும் பழியை ஒருவரோடு நிறுத்தவில்லை. 2009 மார்ச்சில் முடிவுகள் வெளியானபோது படைப்பிரிவின் தலைவர் உட்பட நால்வர் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். மேலும் ஒன்பது பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2011இல் மாண்டவர்களின் குடும்பத்துக்கு 1.78 கோடி டாலர் இழப்பீடு வழங்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது.