காலணாவும் கானாவும்: பெரிய ஊடகத்துக்கு வெளியே ஒரு வரலாறு



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. பெரிய பத்திரிகையும் வானொலியும் சினிமாவும் இடம் தராத மக்கள் தங்கள் சொல்லையும் பாட்டையும் எப்படிப் பரப்பினார்கள்? அதற்கான காசு எங்கிருந்து வந்தது? தலித் பண்பாட்டு வரலாற்றில் நாம் கருத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அச்சுக்கூலி, பிரதியின் விலை, பாடகரின் கூலி ஆகியவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். கூலி உழைப்பால் உருவான வடசென்னையைப் பற்றிப் பேசும்போது கணக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

1893 அக்டோபரில் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அதன் செலவுக் கணக்கை அவரே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதல் இதழுக்கு ஆனது பத்து ரூபாய். இரண்டே நாளில் ஏறக்குறைய நானூறு பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் அது வார இதழானது. இரண்டு ஆண்டில் சொந்த அச்சுக்கூடம் வந்தது. 1900 வரை இதழ் நடந்தது. ஜமீனும் மடமும் பின்னால் நிற்காத ஒரு பத்திரிகை, பிரதி விற்ற காசில் ஏழு ஆண்டு உயிரோடு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, அதற்குக் காசு கொடுத்து வாங்கும் வாசகரையும் அது உருவாக்கியது.

1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஒரு பைசா என்றால் காலணா. அணாவில் நாலில் ஒரு பங்கு. விலையைப் பெயரிலேயே வைத்ததன் மூலம், இது யாருக்கான இதழ் என்பதை அவர் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலிகளாகப் போன நம் மக்கள் அதன் வாசகர்களாக இருந்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, அதே தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னை மீண்டும் நடத்தினார். இதழை நடத்தியவரும் வாசித்தவரும் ஒரே சமூகத்தவர். சுரங்கத்தில் இறங்கியவரின் சந்தா, சென்னையில் அச்சுக்கோத்தவரின் கூலியாயிற்று.

இதே காலத்தில் நகரத்தின் வடபகுதியில் இன்னொரு மலிவான அச்சுலகம் இருந்தது. அதைக் குஜிலி இலக்கியம் என்றார்கள். மலிவுத் தாளில் சில பக்கங்களே கொண்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் அவை. கொலை, வெள்ளம், ரயில், விலைவாசி, அரசியல் கைது என்று ஊரில் எது நடந்தாலும் சீக்கிரமே அது சிந்தாகிவிடும். முச்சந்தியில் நின்று பாடி, அந்தப் பாட்டையே அச்சிட்டு அங்கேயே விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இது ஒரு சாதியாரின் இலக்கியம் அல்ல. எழுதியவர்களும் வெளியிட்டவர்களும் பலதரப்பட்டவர்கள். ஆனால் பாட்டுக்குத் தெருவே மேடை, தெருவே கடை என்ற வழக்கம் இங்கே நிலைபெற்றிருந்தது.

கானாவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகமும் பெரம்பூர் பக்கத்து ஆலைகளும் எழுந்தன. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகள் அதற்குப் பின் வந்தவை. மூட்டை தூக்கவும் கப்பலில் சரக்கு இறக்கவும் வந்தவர்களில் பெரும்பங்கினர், செங்கல்பட்டு, வடஆற்காடு கிராமங்களில் நிலமில்லாதிருந்த நம் முன்னோர். அவர்கள் குடியேறிய தெருக்களில் வளர்ந்ததே கானா. அதற்கு ஒரு பிறந்த தேதி தேடுவது வீண்.

மரண கானாவின் பொருளாதாரத்தைப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இரவு முழுக்கப் பிணத்தின் அருகே ஆள் இருக்க வேண்டும். பாடகர் வருவார், டோலக்கோ சட்டியோ டேப்போ உடன் வரும். இறந்தவரின் பெயர், வேலை, பிள்ளைகள், குணம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு அங்கேயே பாட்டுக் கட்டுவார். வீட்டார் பேசிய கூலி ஒன்று. கேட்டவர்கள் உருகித் தரும் பணம் இன்னொன்று. கருமாதிக்கும் அழைப்பு வரும். விளம்பரம் வாய்வழியாகவே நடக்கும். எந்தச் செய்தித்தாளிலும் இரங்கல் வராத ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு இதுவே இரங்கல் உரை. அதனால்தான் தெரு அதற்குக் காசு கொடுத்தது.

பிறகு ஒலிநாடா வந்தது. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா சினிமாவின் வழக்கமான சரக்காயிற்று. மெட்டு போனது; அதைக் காப்பாற்றி வந்த பாடகர் பெரும்பாலும் தெருவிலேயே நின்றார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' வழியாகக் கானா உலகநாதனும், 2012இல் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலாவும் தங்கள் குரலோடும் பெயரோடும் வந்தது ஒரு திருப்பம். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, அந்தப் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்து இருந்தது. காலணாப் பத்திரிகையும் கானாவும் சந்தித்த இடம் அது. ஆண்களின் கலையாகவே இருந்த கானாவில் வடசென்னையின் இசைவாணி பாடி நின்றதும் அந்த மேடையில்தான். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

இன்று பாடகரின் கையில் கைப்பேசி இருக்கிறது. இதை முழு விடுதலை என்று சொல்ல நாம் தயங்குகிறோம். பார்வைக்கு எவ்வளவு காசு, எந்தப் பாட்டு மேலே வரும் என்பதைத் தெரு இப்போது முடிவு செய்வதில்லை; வேறொரு தேசத்து நிறுவனம் முடிவு செய்கிறது. பார்வை கூட வேண்டும் என்பதற்காகக் கத்தியையும் பெண்ணை இழிவுபடுத்துவதையும் பாடும் பாட்டுகள் பெருகியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வடசென்னை என்றாலே ரவுடி என்று காட்டிய சினிமாவின் கண்ணால் நம்மை நாமே பார்ப்பதே அது.

இரண்டு ஆபத்துகளைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, இடப்பெயர்ப்பு. 2000 முதல் சென்னையின் குடிசைப் பகுதி மக்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படுகிறார்கள். கானாவின் சந்தை தெருவும் அதன் உறவுமே. தெருவைக் கலைத்தால் வீடு மட்டுமல்ல, பாடகரை அழைக்கும் வாயும் கலைந்துபோகிறது.

இன்னொன்று, உரிமை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை முழுக்க எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காக்கிறது. பாடுபவருக்கும் தனி உரிமை உண்டு. ஆனால் இன்னார் இயற்றியது என்று காட்டினால்தான் சட்டத்தின் உதவியைக் கேட்க முடியும். ஒரு சாவு வீட்டில் ஒரே இரவில் கட்டப்பட்ட பாட்டுக்கு அந்தச் சான்று எங்கே?

எனவே மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவின் மூத்த பாடகர்களிடம் போங்கள். எந்தப் பாட்டை யார், எந்த ஆண்டு, யாருடைய சாவுக்குக் கட்டினார் என்பதை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். பழைய ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடிப்பதற்குள் காப்பாற்றுங்கள். இயக்கத் தோழர்கள், கூட்டங்களுக்குக் கானா பாடகரை அழைக்கும்போது பேச்சாளருக்குத் தரும் மரியாதையையும் உரிய கூலியையும் கொடுங்கள். இலவசமாகப் பாடச் சொல்லாதீர்கள்.

சீனிவாசன் பத்து ரூபாய்க் கணக்கை எழுதி வைத்ததால்தான் இன்று அதை நாம் சொல்ல முடிகிறது. நம் பாடகர்களின் கணக்கையும் யாராவது எழுதியாக வேண்டும். அதை நாமே எழுதுவோம்.