பத்மினியும் வீட்டுப் பட்டறையும்

உரிம ஆட்சிக் காலத்தில் காருக்குப் பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஆகவே கிடைத்த வண்டியைப் பழுதுபார்த்துக் காப்பது இந்தியக் குடும்பங்களுக்குப் பொழுதுபோக்காக அன்றித் தேவையாகவே தொடங்கியது.

மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பத்மினி இதற்குச் சான்று. ஃபியட் 1100 வழிவந்த அதன் 1089 சி.சி. எஞ்சின் பல்லாண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஒரு வண்டியின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவவும், பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்யவும் உரிமையாளர்களே கற்றனர். அன்று குறையெனப்பட்ட அந்தத் தேக்கமே இன்று பழைய வண்டிகளை வீட்டில் மீட்டெடுப்போருக்குத் துணைநிற்கிறது.

2021இல் மத்திய அரசு வகுத்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூலவடிவம் மாறாத வண்டிகளையே ‘விண்டேஜ்’ என ஏற்கின்றன. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2003இல் பதிவாகி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023இல் விடைபெற்றது. அதே ஆண்டில் பதிவான வண்டி எதுவும் இத்தகுதியைப் பெற 2053 ஆகிவிடும். அதுவரை இத்தகைய வண்டிகளுக்குப் புகலிடம் வீட்டுக் கொட்டகைகளே. அங்குக் கைவழியாக மட்டுமே கடத்தப்படும் தொழிலறிவு, அதை அறிந்த முதிய மெக்கானிக்குகளுடன் மறைவதற்குள் ஆவணமாக வேண்டும்.