திரி நாட் திரியின் மரக்கட்டை

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களிடம் 'திரி நாட் திரி' என்று சொன்னால் போதும், தோள்பட்டையைத் தடவிக்கொள்வார்கள். அந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் இரும்பைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதைத் தாங்கிய மரத்தைப் பற்றி, அதுவும் விரிசல் விட்ட மரத்தைப் பற்றி எழுதட்டுமா என்று மலர்க் குழுவினரிடம் கேட்டேன். "மரக்கட்டையில் என்ன சார் வரலாறு?" என்றார்கள். இருக்கிறது. படைக்கலப் பணிமனையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இச்சாப்பூர். 1787இல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதே இடத்தில் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. 1907இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட மூன்றாம் மார்க் லீ-என்ஃபீல்டைப் பல பத்தாண்டுகள் இங்கே செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வேறு மாதிரிக்கு மாறிய பிறகும் இச்சாப்பூர் பழையதை விடவில்லை. 1947-48இல் காஷ்மீரிலும், 1962இல் சீன எல்லையிலும் நம் சிப்பாய்கள் தூக்கியது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான்.

இதன் கட்டை ஒரே துண்டு அல்ல. தோளில் அணைக்கும் அடிக்கட்டை தனி, குழாயைத் தாங்கும் முன்கட்டை தனி. அடிக்கட்டையை நீண்ட போல்ட் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கை நீளத்துக்கு ஏற்ப அளவுகளும் உண்டு. தொல்லை முன்கட்டையில்தான். சுடும்போது இரும்பு பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதை முழுதும் கட்டையின் உள்ளே, பின்கோடியில், விரல் நுனி அளவே உள்ள இரண்டு முட்டுகளில் விழுகிறது. வால்நட் மரம் அதிர்ச்சி தாங்கும், சரி. ஆனால் துடைத்துத் துடைத்து ஊறிய எண்ணெய் அந்த முட்டுகளை மெதுமெதுவென்று ஆக்கிவிடும். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். ஒருநாள் ரேகையோடு பிளந்துவிடும்.

இதற்கு இச்சாப்பூர் கண்ட வைத்தியம் எளிமையானது: முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு. ஆயுத ஆர்வலர்கள் இன்றும் அதை 'இச்சாப்பூர் திருகு' என்றே சொல்கிறார்கள். குழாய் முனையில் கிண்ணம் மாட்டிக் கையெறி குண்டு வீசிய துப்பாக்கிகளுக்கு அதுவும் போதாது. முன்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்து ஈயப்பற்று வைத்தார்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் மரம் பிளக்காது.

பிளந்த பிறகு? எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது; வச்சிரமும் நிற்காது, பின்னால் வந்த அரால்டைட்டும் நிற்காது. முதலில் எண்ணெயை வாங்க வேண்டும். சாக்கட்டித் தூளைக் கரைப்பானில் குழைத்துப் பூசி, உலரவிட்டு, சுரண்டி, மறுபடி பூச வேண்டும். பொறுமையில்லாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது. அப்புறம் விரிசலின் அடிவரை பசை செலுத்தி, பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினால் நல்ல பிடிமானம். ரேகைக்குக் குறுக்கே பித்தளை ஆணி. மரம் நைந்துபோன இடத்தை வெட்டியெடுத்து, அதே ரேகைப் போக்கில் ஒட்டுத்துண்டு பதிக்க வேண்டும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், சொட்டுச் சொட்டாக, உள்ளங்கையால் தேய்த்து. வார்னிஷ் கூடவே கூடாது.

என் வருத்தம் ஒன்று உண்டு. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், காட்சிக்கு வைத்த துப்பாக்கியை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, பளபளக்க வார்னிஷும் அடித்துவிட்டார்கள். கட்டையில் குத்தியிருந்த முத்திரைகள், பழுதுபார்த்த குறிகள் எல்லாம் போயின. புதுக்கட்டை போலிருக்கிறது என்று பாராட்டு வேறு! எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, எத்தனை முறை பழுது என்று அந்த மரம் இனிச் சொல்லாது. கையொப்பமிட்ட கடிதத்தை வெள்ளையடித்தது போல. சுடாத துப்பாக்கிக்கு விரிசல் இருந்தால் என்ன? அது மேலும் பிளக்காமல் பார்த்தாலே போதும்.

2020 குடியரசு நாள் அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல்துறை திரி நாட் திரிக்கு விடை கொடுத்தது. இப்படி ஓய்வு பெற்றவற்றில் எது உருக்கப்படும், எது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் என்பது மேலே இருப்பவர்கள் பாடு. பெட்டிக்குள் போகிறவற்றை ஊருக்குப் போகும்போது குழந்தைகளுக்குக் காட்டுங்கள். முன்கட்டையின் பக்கவாட்டில் நாலணா அளவில் சற்றே நிறம் மாறிய மரமும், நடுவில் ஒரு பித்தளைப் புள்ளியும் தென்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.